உடையார்கட்டு மண்ணுக்குள் ஒரு பால்மா ரின்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைக் கடந்து சற்றுத் தூரம் போனால் உடையார்கட்டு. இறங்கிக் குளத்துப் பக்கமாக நடந்தால் வயல்களும் மீள்குடியேற்றத்தின் பின் கட்டிய வீடுகளும்தான் தெரியும். 2009 ஜனவரியில் இந்த வீதியோரமெல்லாம் தறப்பாள் கொட்டில்கள். அம்மாதம் 21ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இவ்வூரும் இருந்தது. அதற்குள்ளும் ஷெல் விழுந்தது. சனம் இரணைப்பாலை, புதுமாத்தளன் என்று மறுபடியும் நடந்தது. தூக்க முடியாததையும் வழியில் பறிபோகும் என்று பயந்ததையும் பலர் மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் பார்க்கப் போன அம்மாவும் அப்படித்தான். ஒரு பால்மா ரின்னுக்குள் காணி அனுமதிப்பத்திரம், மகளின் கொலுசு, தாய் கொடுத்த விக்டோரியா மகாராணி தலை போட்ட செப்புச் சதங்கள்.

"கிணத்தடித் தென்னையிலயிருந்து ஏழு கவடு பிள்ளை. அவரும் நானும் எண்ணித்தான் வச்சனாங்கள்."

திரும்பி வந்தபோது தென்னை இல்லை. கிணறு தூர்ந்திருந்தது. இடம் தெரிந்த மற்ற ஆளான கணவரும் வரவில்லை.

பழங்காசுகள் எப்படி நிலத்துக்குள் போகின்றன என்று நான் முன்பு யோசித்ததில்லை. யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்து வெளியிட்ட காசுகளைப் பாடப்புத்தகப் படமாகத்தான் தெரியும். சில காசு கைதவறி விழுந்திருக்கும். ஆனால் பானையோடு ஒன்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ திரும்பி வருவோம் என்று நம்பி வைத்தவை. எடுக்க வந்திருந்தால் அவை நூதனசாலைக்குப் போயிருக்காது.

வந்தாலும் இலேசில்லை. 1667இல் டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தைத் தாக்கியபோது சாமுவேல் பெப்பீஸ் என்ற கடற்படை உத்தியோகத்தர் தன் தங்கக் காசுகளை மனைவியிடமும் தகப்பனிடமும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அவர்கள் தோட்டத்தில் புதைத்தார்கள். நான்கு மாதத்தில் போய்த் தோண்டினால் இடம் மட்டுப்படவில்லை. பைகள் உக்கி, காசு மண்ணோடு கலந்திருந்தது. இரவில் விளக்கோடு மண்ணை அரித்தும் சில காசு குறைந்தது. பட்டப்பகலில் புதைத்தார்களாம் என்று மனிசிக்கும் தகப்பனுக்கும் ஏச்சு வேறு! நான்கு மாதத்துக்கே அப்படியென்றால், எங்கள் பெண்கள் ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். இடையில் புல்டோசர் ஓடியது, மழை வெள்ளம் மண்ணை அள்ளியது, தகர ரின் கறள் பிடித்தது. பொன் மட்டும் மண்ணுக்குள் மாறாது. வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை பூக்கும்.

அப்படிப் பச்சை பிடித்த காசு அகப்பட்டால் புளி போட்டு மினுக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து தேயும். மிகப் பழையதாக இருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வெடிபொருள் அகற்றாத நிலத்தில் பொன்னே இருந்தாலும் மண்வெட்டி போட வேண்டாம், சகோதரிகளே.

அந்த அம்மாவின் வளவு துப்புரவாக்கப்பட்டதுதான். மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறார். அனுமதிப்பத்திரத்தின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்றேன். திண்ணையில் இருந்து கடிதம் எழுதினோம். பெயர், காணி இருக்கும் இடம், தொலைந்த விதம் எல்லாம் எழுதி முடிய, அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மான்ர சதத்துக்கு எங்க பிள்ளை எழுதுறது?"