தூங்காத கார்

திருடர்களில் இரண்டு வகை உண்டு. இரவில் கன்னம் வைத்துப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறவன் ஒரு வகை. வீட்டிலேயே இருந்துகொண்டு, தினம் ஒரு படி அரிசியாக அள்ளிக்கொண்டு போகிறவன் மற்றொரு வகை. நமது மோட்டார் காரின் பாட்டரியில் புகுந்தவன் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன்.

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் தீபாவளி வந்தால் ஓய்வு காலம் ஆரம்பமாகும். ஊர் உலகத்துக்கெல்லாம் பட்டாசு அனுப்பிய தொழிற்சாலைகள் சில வாரங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். நமது காருக்கும் அப்போது ஓய்வுதான். ஆனால் மூன்று நாள் ஓய்வெடுத்தால் நாலாம் நாள் அது எழுந்திருக்க மறுத்தது! ஓர் இரவு நம் அத்தையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகச் சாவியைத் திருப்பினால், 'டிக், டிக்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அண்டை அயலார் ஆறு பேர் தள்ளியதால் அத்தையார் பிழைத்தார்.

1912-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்பெல்லாம் கைப்பிடியைச் சுழற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். இன்றைய காரில் கைப்பிடி செருகத் துவாரமே கிடையாது. பாட்டரி கைவிட்டால் அயலார் தோள்தான் கதி.

"பாட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்றார் ஒரு மெக்கானிக். பரிசோதித்ததில் பாட்டரி ஆரோக்கியமாகவே இருந்தது. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட் வந்தபடியால், ஆல்டர்னேட்டரையும் குறை சொல்வதற்கில்லை. வரவு சரி, பெட்டி சரி, செலவுதான் கணக்கில் வரவில்லை!

மின்சாரத் தொழில் கற்ற பக்கத்து வீட்டு வாலிபர் துப்புத் துலக்க முன்வந்தார். பட்டாசுக் கொட்டகையில் இரும்புக் கருவி கூடாது என்று அறிந்து வளர்ந்தவராகையால், பொறி என்றால் அவருக்கு மகா எச்சரிக்கை. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதற்கு ஒரு பொறி போதும். எனவே காரைக் காற்றோட்டமான இடத்தில் வெகுநேரம் நிறுத்திவைத்த பிறகே வேலையைத் தொடங்கினார். முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் பாட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துவாரத்தில் இணைத்தார். "யாரும் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது" என்று கட்டளையிட்டார்.

முள் இல்லாத அந்த மீட்டர் 3 ஆம்பியர் காட்டியது. "பார்த்தாயா திருடனை!" என்றோம்.

"பொறுங்கள், அண்ணாச்சி. கார் இன்னும் தூங்கவில்லை" என்றார்.

இக்காலத்துக் கார்களுக்குள் சிறு கம்ப்யூட்டர்கள் பல இருக்கின்றன. பூட்டிய பிறகும் அவை கண்ணயர அரைமணி நேரம் ஆகலாம். அதன்பின் கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் 0.05 ஆம்பியருக்குள் செலவானால் நியாயம். அரைமணி கழித்துப் பார்த்தால் 0.48 நின்றது!

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார். ஏழு பியூஸ் வரை அசையாத எண், எட்டாவதை உருவியதும் 0.03-க்கு இறங்கியது. அது உள்விளக்கின் பியூஸ். விளக்கோ நிரபராதி. காரில் பாட்டுப் பெட்டி பொருத்திய கடைக்காரர், சாவியோடு அணையும் கம்பியில் இணைக்காமல், எப்போதும் மின்சாரம் ஓடும் விளக்குக் கம்பியில் இணைத்திருந்தார். நாம் உறங்கினாலும் பாட்டுப் பெட்டி உறங்கவில்லை.

அரை ஆம்பியர்தானே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். நாளொன்றுக்குச் சுமார் 12 ஆம்பியர்-மணி. சிறு காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்று நாளில் காலி. நியாயமான 0.03 கூட ஒரு மாதத்தில் 22-ஐத் தின்றுவிடும். ஆகையால் குறையில்லாத காரையும் வாரம் ஒருமுறை ஓட்டுவது நலம்.

ஒரு கம்பியை இடம் மாற்றியதோடு வைத்தியம் முடிந்தது. புது பாட்டரி வாங்கியிருந்தால் அதுவும் நாலாம் நாள் படுத்திருக்கும். திருடனை வீட்டில் வைத்துக்கொண்டு புதுப் பெட்டி வாங்கினால், லாபம் திருடனுக்குத்தான்!