சேலத்திலிருந்து தோட்டத்து வீட்டுக்கு: சாமான் வண்டி நாட்குறிப்பு

மார்கழி 20, ஞாயிறு

சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் தொழிலை இரு தரப்பார் செய்கிறார்கள். ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ என்று பலகை மாட்டிய நிறுவனங்கள் ஒரு தரப்பு. ஆள் அனுப்பி, அட்டைப்பெட்டி கொண்டுவந்து, கட்டி, ஏற்றி, இறக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே தொகையாகப் பில் போடுவார்கள். டெம்போ ஸ்டாண்டில் சொந்த வண்டியோடு நிற்பவர்கள் இன்னொரு தரப்பு. இவர்களிடம் வண்டி வாடகை தனி, ஏத்துகூலி இறக்குகூலி தனி.

லாரியில் ஊறிய வட்டாரம் இது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடெங்கும் போகின்றன. சங்ககிரியை லாரிக்காரர் ஊர் என்றே சொல்வார்கள். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் இந்தத் தொழிலுக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டாக இல்லை. வண்டி கிடைப்பது இங்கே எளிது. வீட்டுச் சாமானைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. சிமெண்ட் மூட்டை அடுக்கிப் பழகிய கைக்குக் கண்ணாடி வைத்த பீரோவை மாடிப்படியில் இறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் குடி போகும் வழக்கமில்லை. அதனால் தை பிறந்ததும் முகூர்த்த நாட்களில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வண்டி வேண்டியிருக்கிறது. மார்கழியிலேயே பேசிவைப்பவருக்கு வண்டியும் கிடைக்கும், பேரத்துக்கு இடமும் இருக்கும்.

மார்கழி 23, புதன்

வண்டியின் அளவு அடுத்த கேள்வி. 2005-இல் வந்த டாட்டா ஏஸ், தமிழ்நாட்டில் ‘குட்டியானை’ ஆகி எந்தச் சந்துக்குள்ளும் நுழைகிறது. ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு அது போதும். இரண்டு படுக்கையறை, பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று பெருகிய குடும்பத்துக்கு அது இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும். சேலம் அழகாபுரத்திலிருந்து ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்கு இரண்டு நடை என்றால் பொழுது சாய்ந்துவிடும். அந்த இடத்தில் டாட்டா 407 அல்லது 14 அடி ஈச்சர் லாரிதான் கணக்குக்கு ஒத்துவரும்.

திறந்த பாடியா, மூடிய கன்டெய்னரா? நகரத்துக்குள் மாறுவோருக்குக் கன்டெய்னர் நல்லது. தூசி, மழை, வெயில் மூன்றும் அண்டாது. தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் திறந்த பாடியும் நல்ல தார்ப்பாயுமே மேல். காரணம் கடைசி ஒரு மைலில் தெரியும்.

மார்கழி 27, ஞாயிறு

வாடகை பேசும் முன் வழியைப் பார்த்துவர வேண்டும். சேலத்திலிருந்து கொண்டலாம்பட்டி, மல்லூர், ஆண்டகளூர்கேட் வரை நாற்கரச் சாலையில் எந்த வண்டியும் போகும். ராசிபுரத்தைத் தாண்டிக் கிராமச் சாலை வரைக்கும்கூடத் தொல்லையில்லை. அதற்குப் பிறகு வருவது இட்டேரி.

இரு பக்கமும் கிளுவை வேலி நெருங்கிய வண்டித்தடம் அது. மாட்டு வண்டிக்கென்று விட்ட அகலத்தில் 407 நுழைந்தால் தார்ப்பாயை முள் கிழிக்கும். மேலே புளியங்கிளை தாழ்ந்திருக்கும். மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி அதைவிடத் தாழ்ந்து தொய்ந்திருக்கும். கன்டெய்னர் வண்டி மாட்டிக்கொள்ளும் இடம் இதுவே. உள்ளே போன வண்டி திரும்ப இடமிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தூரம் முழுக்கப் பின்னோக்கியே வர வேண்டும், எந்த ஓட்டுநரும் அதை முன்கூட்டிச் சொல்லாமல் செய்ய மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் தடம் சேறாகிச் சக்கரம் இறங்கும். வெண்ணந்தூர், மதியம்பட்டிப் பக்கம் போவோர் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வருகிறதா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் தரைப்பாலங்கள் முழுகிப்போகும்.

வண்டி போகாது என்று தெரிந்தால் தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்தி, டிராக்டர் டிரெய்லரில் மாற்றி ஏற்றிக்கொண்டு போகலாம். டிராக்டரைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும். சாமானை இரண்டு முறை ஏற்றி இறக்குவதால் கூலி கூடும். அதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியூர் நிறுவனங்கள் தொலைபேசியிலேயே தொகை சொல்லிவிட்டு, அன்றைக்கு இட்டேரி வாயில் நின்று கூடுதல் பணம் கேட்பது இந்த ஒரு விஷயத்தில்தான். உள்ளூர் வண்டிக்காரர் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே, “எந்தப் பக்கத் தடமுங்க, கோயில் வழியா, ஏரிக்கரை வழியா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடமே வேலையைக் கொடுக்கலாம்.

தை 4, ஞாயிறு

பேரம் பேசுகையில் விட்டுப்போகிற விஷயங்களே பிறகு சண்டையாகின்றன. வரும்போது வண்டி காலியாக வருவதால் போக வரக் கிலோமீட்டர் சேர்த்துத்தான் வாடகை, இது நியாயம். லோடுமேன் எத்தனை பேர், மாடி ஏறி இறங்கக் கூலி கூடுமா, ஏற்ற நேரமானால் வெயிட்டிங் உண்டா, கயிறும் தார்ப்பாயும் யாருடையது, மதியச் சாப்பாடு யார் செலவு என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. வாட்ஸப்பில் அனுப்பி “சரிங்க” என்று பதில் வாங்கினாலும் போதும். முழுத் தொகையையும் முன்னால் கொடுப்பது வேண்டாம்.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுச் சிக்கல் வரும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை, 407-க்குத் தேவை. வண்டியின் இன்ஷூரன்ஸ் உள்ளே இருக்கும் சாமானுக்குச் செல்லாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாமானுக்குத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

நிறுவனத்திடம் கொடுத்தால் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் துணைக்கு வரும். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சரக்கு ரசீது தர வேண்டும். சாமானின் மதிப்பை அதிகமாகக் காட்டி அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், இழப்பீடு வாடகையைப் போலப் பத்து மடங்கைத் தாண்டாது. ஆகவே சாமான் பட்டியலும் மதிப்பும் ரசீதோடு இருக்கட்டும். இ-வே பில் வேண்டும் என்று பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

தை 13, செவ்வாய்

கட்டும் நாள். நாமக்கல் வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் முட்டை அட்டை, கண்ணாடிச் சாமானுக்கு நடுவே வைக்க நல்ல பொருள். காலி அட்டைப்பெட்டிகளை மளிகை மொத்தக் கடைகளில் வாங்கலாம். பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துப் பனி கரைய விட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினின் டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகள் வாங்கியபோதே கூட வந்திருக்கும்; அவற்றைத் தேடி எடுத்துப் பின்னால் முடுக்க வேண்டும். கட்டிலைக் கழற்றியதும் ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவிடலாம். கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். நகை, பத்திரம், பட்டா, சான்றிதழ்கள் வண்டியில் ஏறக் கூடாது.

தை 14, புதன்

குடும்பத்தில் இரண்டு பேர் விடியலுக்கு முன்பே காரில் கிளம்பி, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடத்துடன் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டால் வண்டிக்காரருக்கு நேர நெருக்கடி இருக்காது. புதனன்று எமகண்டம் 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. ஆறு மணிக்கு ஏற்றத் தொடங்கி ஒன்பது அடித்ததும் வண்டி நகர்ந்தால் பன்னிரண்டுக்குள் முதல் சாமான் இறங்கிவிடும்.

பீரோவும் ஃபிரிட்ஜும் கேபினை ஒட்டி நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஆட்டுக்கல், அம்மி, கிரைண்டர் கல் தரையில். மெத்தைகள் இடுக்குகளில். அடுப்பு, தண்ணீர்க் குடம், பாய் கடைசியில் ஏறினால்தான் முதலில் இறங்கும். சாமானோடு பின்னால் ஆள் உட்கார்ந்து போவது சட்டப்படி குற்றம். லோடுமேன்களே கேட்டாலும் கேபினில் இடமுள்ள அளவுக்குத்தான் ஆள் ஏறலாம். வழியில் ஃபிரிட்ஜ் சாய்ந்திருந்தால் இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும்.

பாக்கித் தொகையைப் பட்டியலைச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கீறலோ உடைப்போ இருந்தால் வண்டி நிற்கும்போதே படம் எடுத்து, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

தை 16, வெள்ளி

கேஸ் இணைப்பைப் புதிய ஏஜென்சிக்கு மாற்றுவதும், குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் முகவரி மாற்றுவதும் இந்த வாரத்து வேலை. வாக்காளருக்குப் படிவம் 8. சேலத்துத் தொகுதியை விட்டு ராசிபுரம் தொகுதிக்குப் போனாலும் அதே படிவம்தான்.

சாமான் சேதமாகி நிறுவனம் கையை விரித்தால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் வழக்கு நாமக்கல்லிலேயே நடக்கும். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.