அளவான சூடும் அதற்கொரு காவலும்



நீரின் சூடு மிகுந்தால் காப்பி கசக்கும், குறைந்தால் புளிக்கும். எஸ்பிரெஸோ காப்பிக்கு நீர் ஏறத்தாழ 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அது தூளினூடே 25 முதல் 30 விநாடிகளுக்குள் வடிய வேண்டும். சிறிய இயந்திரங்களிலுள்ள சாதாரண தெர்மோஸ்டாட்டோ ஹீட்டரை முழுவதும் எரியவிடும், அல்லது முழுவதும் அணைத்துவிடும். அணைத்த பின்னும் சூடு ஏறும். மறுபடியும் எரியத் தொடங்குமுன் வெகுவாக இறங்கிவிடும். ஆகவே ஒரு கோப்பையைப் போல மறு கோப்பை அமைவதில்லை.

பிழைப்புக்காக ஃபீனிக்ஸ் பே வந்து குடியேறிய என் தம்பிக்கு இது ருசியைப் பற்றிய காரியம் மட்டுமன்று. ஸ்வராஜ் தீவுக்கும் ஷாஹீத் தீவுக்கும் கப்பலேறுகிறவர்களை நம்பியே படகுத்துறையருகே அவன் கடை நடக்கிறது. கசந்த காப்பியைக் குடித்தவர் மறுமுறை வருவதில்லை. புதிய இயந்திரம் வாங்கவோ வசதியில்லை.

ஆகவே நாங்களே ஒரு கருவியைச் செய்தோம். ஆர்டுயினோ பலகை, தெர்மோகப்பிள், ஹீட்டருக்கும் பம்புக்குமாக இரண்டு சாலிட் ஸ்டேட் ரிலேக்கள் ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தோம். பழைய தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில், கொதிகலனின் வெளிச்சுவரில், தெர்மோகப்பிளைப் பொருத்தினோம். குறித்த சூட்டை நெருங்க நெருங்க, பலகை மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. சுவரின் சூடும் வடியும் நீரின் சூடும் ஒன்றல்லவாதலால், கோப்பையில் விழும் நீரை அளந்தே அளவைத் திருத்தினோம். பொத்தானை அழுத்தினால் பம்பு ஓடி, 27 விநாடிகளில் தானே நிற்கிறது. கடலின் உப்புக்காற்று படாதபடி பலகையை மூடிய பெட்டிக்குள் வைத்தோம்.

“அண்ணா, இனி அந்த வெப்ப ஃபியூஸ் எதற்கு? எடுத்துவிடலாமே” என்றான் தம்பி. நான் சம்மதிக்கவில்லை. இத்தகைய ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. விடாமல் செலுத்திக்கொண்டே இருக்கும். அப்போது பலகை கட்டளையிட்டாலும் ஹீட்டர் அணையாது. நீர் வற்றிய கொதிகலன் தீக்குக் காரணமாகலாம். அந்நேரத்தில் தானே அறுந்து மின்சாரத்தைத் துண்டிப்பது அச்சிறு ஃபியூஸ்தான். அதுவும் எர்த் கம்பியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அன்பானவர்களே, இத்தகைய கைவேலையில் ஆர்வங்கொண்ட பிள்ளைகளை ஊக்கப்படுத்துங்கள். ஆனால் 230 வோல்ட் மின்சாரமும் கொதிநீரும் சேருமிடத்தில், தேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்த பின்னரே இயக்கச் செய்யுங்கள். நாம் செய்த கருவி எத்தனை நேர்த்தியாயினும், ஒருநாள் பழுதாகக்கூடும் என்றெண்ணியே அதற்கொரு காவல் வைப்போமாக.