வாசிப்பவரும் உள்ளே இருப்பவர்களும்

பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கர் கட்டிய பழைய பலமாடிக் கடைக்கு நான் போனபோது அது மேசீஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. கீழ்த்தளத்தில் செருப்பும் வாசனைத் திரவியமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏழு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் நடுமுற்றத்தில், ஒரு பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் ஆர்கனின் தங்கநிறக் குழாய்கள் நின்றன. வந்தவர்கள் அவற்றைத்தான் படம் பிடித்தார்கள். பாடுகிற குழாய்களோ 28,000க்கும் மேல். அவை சுவர்களுக்குப் பின்னால், பல மாடிகளில், அறை அறையாக நிற்கின்றன.

1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் ஆட்ஸ்லி வடிவமைத்த ஆர்கன் இது. பொருட்காட்சி முடிந்து கிடங்கில் கிடந்ததை 1909இல் வானமேக்கர் வாங்கினார். 13 சரக்கு வேகன்களில் வந்து இறங்கியது. 1911 ஜூன் 22 அன்று முதன்முதலாக இங்கே ஒலித்தபோது அதில் சுமார் 10,000 குழாய்கள். அவ்வளவு பெரிய முற்றத்துக்கு அது போதவில்லை. கடைக்குள்ளேயே ஆர்கன் பட்டறை போட்டு ஆண்டுக்கணக்கில் விரிவாக்கினார்கள். மகன் ராட்மன் வானமேக்கருக்கு இதில் தந்தையைவிட ஆசை அதிகம். 88 வரிசைத் தந்தியொலிக் குழாய்களைச் சேர்த்தது அவர் காலத்தில்தான்.

தந்தி வாத்திய ஒலிக்காக மட்டும் 88 வரிசை எதற்கு? ஆர்கெஸ்ட்ரா இசையை ஒரே ஆள் வாசிக்க வேண்டும் என்பதற்காக. இது வெறும் பணக்கார ஆசை அல்ல. இசைத்தட்டு வருமுன், பெரிய நகரத்துக்கு வெளியே இருந்த ஒருவர் பீத்தோவன் சிம்பொனியை ஆர்கெஸ்ட்ராவில் கேட்பது அரிது. லிவர்பூலின் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் ஆர்கன் கலைஞர் டபிள்யூ. டி. பெஸ்ட் பல்லாண்டுகள் ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளை ஆர்கனுக்கு மாற்றி எழுதி வாசித்தார். பலருக்கு அந்த இசை முதலில் அவர் கைவழியாகத்தான் வந்தது. பிற்காலத்தில் இதை மட்டமான ரசனை என்று ஒதுக்கிய ஆர்கன் கலைஞர்கள் உண்டு. அந்தக் காலகட்டத்தில் இப்படிப்பட்ட ஆர்கன்கள் பல பிரிக்கப்பட்டன. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் மாடியில் வாசிப்பு மேடை. ஆறு விசைப்பலகைகள் படிப்படியாக. சுற்றிலும், எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, நிறம் நிறமாக 729 ஸ்டாப் வில்லைகள். அன்று வாசித்தது வாக்னரின் 'தன்ஹாய்சர்' ஓபராவின் முன்னிசை. தொடக்கத்தில் கிளாரினெட்டும் பசூனும் ஹார்னும் மெதுவாகப் பாடும் யாத்திரிகர் மெட்டு, அடுத்து செல்லோ. போகப்போக டிராம்போன்கள் அதே மெட்டை உரக்க எடுக்க, வயலின்கள் மேலிருந்து சரிந்து சரிந்து இறங்கும். அந்த இடத்தில் வலது கை வயலின். இடது கை டிராம்போன். இரண்டு பாதங்களும் கால்விசைகளில் கீழ் சுருதி. இன்னொரு குரலும் வேண்டியிருந்தது. நான்கு விரல்கள் ஒரு பலகையில் ஓட, அதே கையின் கட்டைவிரலைக் கீழ்ப்பலகைக்கு இறக்கி அந்தக் குரலைப் பிடித்தார் வாசித்தவர்.

இதில் கடினம் விரல் வேகம் அல்ல. ஆர்கனில் விசையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி கூடுவதில்லை. ஸ்டாப்களைக் கூட்டிக் குறைத்தோ, குழாய் அறையின் முன்னால் உள்ள மரச்சட்டங்களைக் காலால் திறந்து மூடியோதான் ஒலியை ஏற்றி இறக்க முடியும். ஆர்கெஸ்ட்ராவில் ஊதுகிறவர் மூச்சு வாங்க வேண்டும், வயலின் வாசிப்பவர் வில்லைத் திருப்ப வேண்டும். ஆர்கனுக்கு மூச்சு முட்டுவதே இல்லை. ஆகவே எங்கே மூச்சு என்பதை வாசிப்பவர்தான் முடிவுசெய்து, கையைத் தூக்கி இடைவெளி விட வேண்டும். தவிர, எட்ட இருக்கும் அறைகளின் ஒலி மேடைக்குத் தாமதமாகத்தான் வந்துசேரும். காதை மட்டும் நம்பினால் தாளம் இழுபடும்.

பிறகு பராமரிப்பாளர் ஒருவர் என்னை உள்ளே அழைத்துப்போனார். "எதிலும் கை படக்கூடாது. கைச்சூட்டுக்கே சுருதி மாறிவிடும்" என்றார். தந்தியொலிக் குழாய்கள் ஒல்லியான உலோகக் குழல்கள். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் நடைபாதைக்கு இருபுறமும் வரிசைவரிசையாக நின்றன. சில வரிசைகளை மற்றவற்றிலிருந்து இம்மியளவு சுருதி விலக்கியே வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் அலை எழுகிறது. பலர் சேர்ந்து வயலின் வாசிக்கும்போது ஒருவர் சுருதி இன்னொருவருடையதோடு அச்சாக ஒட்டாததால்தானே அந்தத் தழைப்பு வருகிறது. விலக்கம் கொஞ்சம் கூடினால் அபசுரம், குறைந்தால் உயிரில்லை. அந்த அளவைக் காதால் வைக்கிறவரையும் இசைக்கலைஞர் என்றுதான் சொல்வேன்.

சுருதி சேர்ப்பது இருவர் வேலை. ஒருவர் மேடையில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் குழாய்களுக்கு நடுவே நின்று சரிசெய்து "அடுத்தது" என்று குரல் கொடுப்பார். எக்காளம், ஓபோ போன்ற ஒலி தரும் குழாய்களில், நம் நாடகமேடை ஹார்மோனியத்தில் இருப்பதுபோல ஒரு பித்தளை நாக்கு இருக்கிறது. அதன்மேல் அழுந்தி நிற்கும் கம்பியைச் சின்ன இரும்புத் தகட்டால் மேலோ கீழோ ஒரு தட்டு. வெயில் ஏறினால் மற்றக் குழாய்கள் சுருதி கூடிவிடும், நாக்குக் குழாய்கள் அவ்வளவாக அசையாது. எண்ணிக்கையில் குறைவு என்பதால் நாக்குக் குழாய்களைத்தான் மற்றவற்றோடு சேர்ப்பார்கள். மறுநாள் குளிர்ந்தால் திரும்பவும் அதே வேலை.

பட்டறையில் ஓர் இளம்பெண், மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விசையை அழுத்தினால் மின்காந்தம் இழுக்கும், காசளவுத் தோல்பை ஒன்றில் காற்று வெளியேறும், அப்போதுதான் குழாய்க்கு வழி திறக்கும். அந்தத் தோல் காலப்போக்கில் விறைத்துக் கிழிந்துபோகும். புதுத்தோலை வட்டமாக வெட்டி, நம் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் மாதிரியான சூடான பசையால் ஒட்டுகிறார்கள். தோல் இறுகினால் குழாய்க்கு வழி சரியாகத் திறக்காது. தளர்ந்தால் குழாய் தாமதமாகப் பேசும். வாக்னரின் வயலின் சரிவில் ஒரே ஒரு சுரம் பிந்தினாலும் கேட்பவருக்குத் தட்டும்.

2025 மார்ச்சில் கடை மூடப்பட்டது. கடைசிக் கச்சேரிகளுக்கு முற்றம் நிரம்பி வழிந்தது. 1978 முதலே இந்தக் கட்டடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம். ஆனால் குழாய்களைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும் போதாது. வாசிக்காமல் கிடந்தால் எந்தத் தோல் கிழிந்தது, எந்த நாக்கு தூசியடைந்தது என்பதே தெரியாமல் போகும். காற்றூட்டும் விசிறிகளுக்கு மின்சாரம் வேண்டும், தோல் ஒட்ட ஒரு மேசை வேண்டும். விசையைப் பிடிக்க ஒருவரும் உள்ளே நின்று "அடுத்தது" சொல்ல ஒருவரும் சம்பளத்தோடு வேண்டும்.