காரைக்குடி: ஒரு பகல், நாலு கடை

நண்பர்கள் சேர்ந்து காரைக்குடியைச் சுற்றும்போது அதிக நேரம் பிடிப்பது முனீஸ்வரன் கோவில் தெரு. வரிசையாகப் பழம்பொருள் கடைகள்: பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா அச்சுப்படம், பித்தளைப் பூட்டு. இவற்றில் பெரும்பகுதி செட்டிநாட்டு வீடுகளில் புழங்கியவை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினர் ஈட்டிய செல்வம் 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆட்டங்கண்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது மேலும் சரிந்தது. பல பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடுகளைப் பராமரிக்க இயலாமல் சிலவற்றை இடித்தார்கள். கதவும் நிலையும் சந்தைக்கு வந்தன. புதிதாகச் செய்து பழசாக்கிய சரக்கும் இடையில் கலந்திருக்கும். பேரம் பேசத் தெரிந்த நண்பர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

அடுத்து, தரை ஓடுகளுக்குப் பெயர்பெற்ற ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். மேலே சிமெண்டும் மணலும் இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடிதான். பட்டறையில் நின்று பார்த்தால் வீட்டுத் தரையை மாற்றும் ஆசை யாருக்கும் வரும்.

அடுத்தது சேலைக் கடை: இவ்வட்டாரத்தின் கட்டமும் கோடும் போட்ட கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அருகிலுள்ள கானாடுகாத்தான் ஊரின் செட்டிநாட்டு மாளிகைகளை வெளியே நின்று பார்த்தாலும் போதும். மாலையில் காரைக்குடி திரும்பினால் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைக்கும்.