எத்தனை கோர் என்பது தவறான கேள்வி

பழைய கன்சோல் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டருக்காகக் குறைந்த செலவில் கணினி கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கோர்களின் எண்ணிக்கையைத்தான். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய ஜியான் பிராசசர்களுக்குக் கிராக்கி இருப்பதற்கு அதுவே காரணம். 2016-இல் வந்த ஜியான் இ5-2680 வி4-இல் 14 கோர், 28 த்ரெட். இன்று செகண்ட் ஹேண்டில் அது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அதன் பக்கத்தில் நான்கே கோர் உள்ள கோர் ஐ3-12100-ஐ வைத்தால் கை தானாகவே ஜியான் பக்கம் போகும். ஆனால் பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை ஓட்ட வேண்டுமென்றால் எடுக்க வேண்டியது அந்த ஐ3-ஐத்தான். கனமான ஆட்டங்களில், ஜியானின் பத்துக் கோர் சும்மா கிடக்க, மீதிக் கோர்கள் மூச்சு வாங்கும்.

எமுலேட்டர் செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மைச் சில்லான எமோஷன் எஞ்சினின் வேகம் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ்தான். இன்றைய மலிவு பிராசசர்கூட அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆனால் எமோஷன் எஞ்சினுக்கு எழுதிய கட்டளைகள் எம்ஐபிஎஸ் வகை. நம் கணினிக்குப் புரிவது எக்ஸ்86. ஆட்டம் ஓடும்போதே பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். தேர்தல் மேடையில் தில்லித் தலைவர் பேசப் பேசத் தமிழில் சொல்பவரின் நிலைதான் அதற்கும். பக்கத்தில் இன்னும் பத்துப் பேரை நிறுத்தினாலும் கூட்டம் சீக்கிரம் முடியாது. சொல்கிற அந்த ஒருவர் சட்டென்று சொல்பவராக இருக்க வேண்டும். ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்குத் தேவைப்படுவதால், அந்தச் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வழியில்லை. மாற்றுவதும் நேர்ப் பாதையாக இல்லை. கணக்கு எல்லை மீறும்போது நம் பிராசசர் ‘முடிவிலி’ என்று விடை தரும். பிளேஸ்டேஷன் 2 தன்னால் காட்ட முடிந்த மிகப் பெரிய எண்ணைத் தரும். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டாமல் விட்டால் சில ஆட்டங்களில் உருவங்கள் முள்முள்ளாக இழுபட்டுத் தெரியும். சரிக்கட்டினால் ஒரே கணக்குக்கு நம் பிராசசர் கூடுதலாகச் சில கட்டளைகளைச் செலவிட வேண்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது 16.67 மில்லிநொடி. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். கணினிக்கென்றே எழுதப்பட்ட ஆட்டத்தில் பிராசசர் திணறினால் பெரும்பாலும் சில பிரேம்கள் விடுபடும், அவ்வளவுதான். எமுலேட்டரில் ஆட்டத்தின் காலமே மெதுவாகிவிடும். பாட்டு இழுபடும், ஒலி கரகரக்கும்.

பிசிஎஸ்எக்ஸ்2 பல கோர்களைத் தொடவே தொடாது என்றும் சொல்ல முடியாது. முதன்மைச் சில்லுக்கு ஒரு த்ரெட், படம் வரைவதற்கு ஒன்று, விருப்பப்பட்டால் அந்தச் சில்லுக்குள் இருக்கும் இரண்டாவது வெக்டர் யூனிட்டுக்கு ஒன்று. கனமான வேலை அந்த மூன்றோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நான்காவது கோர் விண்டோஸுக்கு. ஐந்தாவதிலிருந்து கொடுக்கும் காசெல்லாம் இந்த வேலைக்கு வீண்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 2012-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 வந்தது: எட்டுக் கோர், 4 கிகாஹெர்ட்ஸ். 2014-இல் இன்டெல் பென்டியம் ஜி3258 வந்தது: இரண்டே கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், விலை பாதிக்கும் கீழே. காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் கேம்கியூப், வீ கன்சோல்களின் ஆட்டங்களை ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில் அந்தச் சின்ன பென்டியம்தான் முந்தியது. காரணம், அதன் ஹேஸ்வெல் கட்டமைப்பு ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் முடித்த வேலை மிக அதிகம். கோர் எண்ணிக்கையோடு கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தே இங்கே தோற்றதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் டப்பாவின் மேல் அச்சடிக்கப்படும் எண்கள். எமுலேட்டருக்குத் தேவையான எண் டப்பாவில் இருப்பதே இல்லை. பாஸ்மார்க் போன்ற சோதனைகளில் ‘சிங்கிள் த்ரெட்’ என்று தனியாகக் கொடுப்பார்களே, அதைத்தான் பார்க்க வேண்டும். 12100 அதில் முன்சொன்ன ஜியானைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதற்கு வலுவான மறுப்பு பிளேஸ்டேஷன் 3-இலிருந்து வருகிறது, அதை மதித்தே ஆக வேண்டும். அதன் செல் பிராசசரில் ஒரு முதன்மைக் கோரோடு ஆட்டங்களுக்கென்று ஆறு துணைக் கோர்கள் உண்டு. மூலத்திலேயே வேலை பிரிந்திருப்பதால் ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் நம் கோர்களையும் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ போன்ற ஆட்டத்துக்கு நான்கு கோர் போதாது. ஆனால் அப்போதும் ஜியான் ஜெயிப்பதில்லை. தேவை பலமான ஆறு கோர். அதிலும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைத் தொகுப்பு இருந்தால் இந்த எமுலேட்டருக்கு நல்ல லாபம். இன்டெல் தன் 12-ஆம் தலைமுறையில் அதை முடக்கிவிட்டது. ஏஎம்டி 2022-இல் ஜென் 4-இல் கொண்டுவந்தது. டிடிஆர்5 மெமரிக்கும் புதிய மதர்போர்டுக்கும் பணம் இருப்பவர்கள் ரைசன் 5 7500எஃப்-ஐ யோசிக்கலாம். பட்ஜெட் இடிக்கும் என்றால் ரைசன் 5 5600 போதும். பெயரை மட்டும் கவனமாகப் படியுங்கள். ரைசன் 5 4500-க்கும் அதே ஆறு கோர்தான். ஆனால் அது பழைய ஜென் 2, எல்3 கேஷ் 8 எம்பி. 5600-இல் ஜென் 3, கேஷ் 32 எம்பி. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் வேலை ஒன்றாக இல்லை.

கிராபிக்ஸ் கார்டில் பணத்தைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்க அது உதவும்; மெதுவாக ஓடும் ஆட்டத்தை வேகமாக்காது. லேப்டாப் போதாதா என்றால், அதன் உச்ச வேகம் பெரும்பாலும் சூடேறும் வரைதான்.

‘இருபது வருடப் பழைய ஆட்டத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 விழுக்காடு இன்று முறையான வழியில் வாங்கவே கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்ந்து சொன்னது. டிஸ்க் கீறல் விழுகிறது, கன்சோலின் லேசர் ஓய்ந்துபோகிறது. நம்மிடம் உள்ள டிஸ்க்கையும் நம் கன்சோலின் பயாஸையும் பிரதி எடுத்துவைத்து எமுலேட்டரில் ஓட்டினால் அந்த ஆட்டம் இன்னொரு தலைமுறைக்குப் போகும். கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு. 2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ அசல் கன்சோலிலேயே தடுமாறிய ஆட்டம். பிசிஎஸ்எக்ஸ்2-இல் எமோஷன் எஞ்சினின் வேகத்தை 180 விழுக்காடாக உயர்த்திவைத்தால், அன்று யாரும் பார்க்காத சீரான ஓட்டத்தில் அதைப் பார்க்கலாம். அந்த உயர்வுக்கும் விலை கொடுப்பது ஒற்றைக் கோரின் பலம்தான்.

ஆகவே பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ வரை போதும் என்றால் 12100-ஐ எடுங்கள். பிளேஸ்டேஷன் 3-உம் வேண்டுமென்றால் 5600-க்குக் கீழே இறங்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் விலை பேசும்போது பில்லில் 12100எஃப் என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது.