ஈரத் தானியமும் மெருகேற்றிய படமும்



2025 ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் கால இராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. ராஜகிரியையும் கல்யாண மகாலையும் 1717-18இல் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் கைப்பேசியில் படம்பிடித்துச் செல்வோரை இங்கே நாள்தோறும் காண்கிறேன். நானும் பல ஆண்டுகளாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டைக்கும் சிங்கவரத்துக்கும் இடையே சுற்றித் திரிபவன்தான்.

சென்ற கோடையில் சிங்கவரம் பக்கத்துப் பாறைக் குன்றுகளைப் படம் எடுக்கத் தங்கை மகனையும் உடன் அழைத்துச் சென்றேன். வெயிலில் வெளுத்துக் கிடந்த வானத்தை அவன் செயலி ஒன்றின் உதவியால் நீக்கிவிட்டு, கார்மேகங்களையும் பறவைக் கூட்டத்தையும் பதித்து நண்பர்களுக்கு அனுப்பினான். நான் கண்டித்தபோது அவன் கேட்டான்: "நீங்களும் ராத்திரி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து படத்தை மாத்தத்தானே செய்றீங்க மாமா? உங்களது மட்டும் எப்படி ஹலால் ஆச்சு?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கைபடாத படம் என்று ஒன்று உலகில் கிடையாது. டிஜிட்டல் கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணினி ஊகித்து நிரப்புகிறது. 14 பிட் கேமராவின் மூலக்கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 16,384 ஒளிப்படிகள் இருக்கும். நாம் பகிரும் ஜேபெக் படத்தில் எஞ்சுவது 256 மட்டுமே. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் கேமராவைச் செய்த நிறுவனம் நமக்காகத் தீர்மானித்துவிடும். அவ்வளவுதான் வேறுபாடு.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்பதைச் சற்றேறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் அறிஞர் இப்னுல் ஹைதம். கிதாபுல் மனாழிர் என்ற தம் நூலில் அவர் இன்னொன்றையும் விளக்கினார். பார்த்தல் என்பது ஒளி விழுவதோடு முடிவதில்லை. உள்ளம் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் அதில் அடங்கும். கண்ணுக்கே இந்த நிலை என்றால், கேமராவுக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வரும்?

இது கணினிக் காலத்தில் முளைத்த வழக்கமும் அன்று. 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களைப் படம்பிடித்தவர். அக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்ததால் வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. ஆகவே அவர் தம் நெகடிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். அதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒன்றாக இணைத்தார். மேகத்தைத் தீட்டியதும் கல்வெட்டை இணைத்ததும் ஒரே மனிதரின் கைதான். முன்னது அழகுக்காக, பின்னது சான்றுக்காக. இரண்டும் கைவேலையே என்றாலும் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

சான்றுக்கான கைவேலைக்கு எங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சிங்கவரத்தை ஒட்டியுள்ள திருநாதர் குன்றின் பெரும்பாறையில் சமணத் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. உச்சிவேளையில் எடுத்த படத்தில் இத்தகைய தேய்ந்த எழுத்துகள் வெறும் பாறையாகவே தெரியும். சாய்ந்த வெயிலில் எடுத்து, கணினியில் நிழலின் அழுத்தத்தைக் கூட்டினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவிப் பாறை ஓவியங்கள் உள்ளன. மங்கிப்போன இத்தகைய ஓவியங்களை வாசிக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கியது அது. பாறையை ஊதாவாகவும் காவியை எரியும் சிவப்பாகவும் அது மாற்றிக் காட்டும். அந்த நிறங்கள் எவையும் உண்மையல்ல. எனினும் அந்தப் படம் பொய் சொல்லவில்லை. நிறம் மாற்றப்பட்டது என்பதைப் பார்ப்பவர் அறிவார். பாறையில் உள்ளதைத்தான் அது காட்டுகிறது, இல்லாத ஒன்றைச் சேர்க்கவில்லை.

அப்படியானால் எல்லைக்கோடு எங்கே? ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தானியத்தைக் குவித்து வைத்ததையோ தூசு தட்டி ஒழுங்குபடுத்தியதையோ நபியவர்கள் குறை கூறவில்லை. வாங்குபவரின் முடிவை மாற்றக்கூடிய ஒன்று மறைக்கப்பட்டதையே கண்டித்தார்கள். படத்துக்கும் இதுவே அளவுகோல் என்பது என் எளிய புரிதல். இந்தப் படத்தை நம்பி ஒருவர் ஏதேனும் முடிவெடுக்கப் போகிறாரா? அப்படியானால், அவர் அறிய வேண்டிய ஈரத்தை நான் அடியில் தள்ளிவிட்டேனா?

செய்திப் படங்களில் இந்த அளவுகோலின் கூர்மை தெரியும். 2006 ஆகஸ்டில் இஸ்ரேலிய விமானங்கள் பெய்ரூத்தைக் குண்டுவீசித் தாக்கிக்கொண்டிருந்தன. அந்நகரின் மேல் எழுந்த புகையை ஒரு புகைப்படக்காரர் கணினியில் நகலெடுத்துப் பெருக்கிக் காட்டினார். அது வெளிப்பட்டதும் ராய்ட்டர்ஸ் நிறுவனம் அவர் எடுத்த 920 படங்களையும் தன் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டது. உண்மையிலேயே எரிந்த நகரம் அது. கூடுதல் புகை அதற்குத் தேவையே இல்லை. சேர்த்த ஒரு பிடிப் புகையால் மெய்யான சாட்சியங்களும் சேர்ந்தே கரிந்துபோயின.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2012 நவம்பரில் காஸாவில் கொல்லப்பட்ட இரு குழந்தைகளின் ஜனாஸாவைத் தூக்கிச் செல்வோரை ஸ்வீடனின் பால் ஹான்சன் எடுத்த படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. அது பல படங்களை ஒட்டியது என்ற குற்றச்சாட்டு எழவே, வல்லுநர்கள் மூலக்கோப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஒளியும் நிறமும் திருத்தப்பட்டுள்ளன, ஆனால் எதுவும் ஒட்டப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. மூலக்கோப்பு கையில் இருந்ததால் சாட்சியம் பிழைத்தது. தமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி பகருமாறு அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளை பெற்ற சமுதாயம் நாம். நம் தரப்பு நியாயமானது என்பதற்காகப் புகையைச் சேர்க்க நமக்கு அனுமதி இல்லை.

பிறையின் செய்தியும் இத்தகையதே. 2013 ஜூலை 8 அன்று தியரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர், அமாவாசை நிகழ்ந்த அதே கணத்தில், பட்டப்பகலில் பிறையின் மெல்லிய கீற்றைப் படம்பிடித்தார். ஹிஜ்ரி 1434 ரமளானுக்கு முந்தைய அமாவாசை அது. அகச்சிவப்பு ஒளியும் கணினித் திருத்தமும் சேர்ந்து அளித்த அந்தக் கீற்றை எந்த மனிதக் கண்ணும் கண்டிருக்க முடியாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் இன்றைய கைப்பேசிகள் சில, நிலவு என்று அடையாளம் கண்டதுமே அதன் விவரங்களைத் தாமாகவே கூர்மையாக்கி வரைந்துவிடுகின்றன. பிறை பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள். படம் எடுப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: ஷஃபான் 29 மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் பிறைப்படம் சாட்சி அன்று. கண்ணால் கண்டேன் என்று முன்வந்து நிற்கும் மனிதரே சாட்சி.

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை. இந்த அளவுகோல் என் வீட்டு வாசலுக்கும் வந்தது.

அண்ணன் மகளுக்கு வரன் தேடத் தொடங்கியபோது, ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்து வந்தார்கள். முகம் பால் நிறத்தில் இருந்தது. மடியில் கோத்திருந்த கைகள் மட்டும் அவளுடைய மாநிறத்தில் இருந்தன. மூக்கும் சற்று மெலிந்திருந்தது. "எல்லாரும் இப்படித்தான் கேட்கிறாங்க" என்று அங்கே சொன்னார்களாம். அண்ணிக்குப் படம் பிடித்திருந்தது. அவள்தான் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இந்தப் பொண்ணை அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா, அப்புறம் நான் எங்கே போறது சாச்சா?"

மணம் பேசும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இருவரிடையே இணக்கம் நிலைக்க அது உதவும் என்பதே காரணம். அந்தப் பார்வையின் இடத்தில் நாம் படத்தை வைக்கிறோம் என்றால், படத்துக்கும் அதே பொறுப்பு வந்துவிடுகிறது. மேலும், படைத்தவன் தந்த நிறத்தை ஈரத் தானியமாகக் கருதி மறைக்கச் சொல்வது யார்? மறைக்க வேண்டிய குறை அவளிடம் இல்லை. நம் பார்வையில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில், கதவோரம் வந்த வெளிச்சத்தில் நான் வேறு படம் எடுத்தேன். பச்சைச் சுவரின் சாயம் முகத்தில் படிந்திருந்ததை நீக்கினேன். நெற்றியில் அன்று முளைத்திருந்த ஒரு பருவையும் நீக்கினேன். அது நான்கு நாளில் தானே போய்விடும். கன்னத்தில் சிறுவயதில் விழுந்த தழும்பை விட்டுவிட்டேன், அது அவளுடையது. பிறர் குறையை மறைப்பதை நம் மார்க்கம் போற்றுகிறது. அந்த மறைப்பு மற்றொருவரை ஏமாற்றும் இடத்தில் நின்றுவிட வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்த முதல் குடும்பம் நிறத்தைக் காரணம் காட்டி விலகிக்கொண்டது. அன்றிரவு அண்ணி அழுதார். நாங்கள் இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நேர்மைக்கு உடனடியாகக் கூலி கிடைத்துவிடும் என்று உங்களுக்கு வாக்களிக்க என்னிடம் கதை எதுவும் இல்லை. அவள் மட்டும், படத்தை மாற்ற வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறாள்.

ஆகவே சகோதரர்களே, படத்தைத் திருத்துங்கள். இருட்டை விலக்குங்கள், சாய்ந்ததை நிமிர்த்துங்கள், கல்வெட்டின் எழுத்தை எழுப்புங்கள். கற்பனை மேகம் வேண்டுமானால் அதையும் தீட்டி, கற்பனை என்று கீழே எழுதிவிடுங்கள். மூலக்கோப்பை அழிக்காதீர்கள். அனுப்பும் முன் ஒருமுறை குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் அதை மேலே கொண்டு வந்து வையுங்கள்.

நம் கண்களையும் கைகளையும் நாவுகளையும் உண்மைக்குச் சாட்சிகளாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. நம் வீட்டுப் பெண்மக்களை, அவர்களை உள்ளபடியே கண்டு மதிக்கும் இல்லங்களில் சேர்ப்பானாக. ஆமீன்.